தேயாத ஒன்பது நாள்

இதை எனக்கு முதலில் சொன்னது பிலோமினா. மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்தோணியார் திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நவநாள் பூசை முடிந்து கோயில் பின்கட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அன்னதானத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பஸ் வரத் தாமதமானதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன், அவளும் உரிப்பதை நிறுத்தாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கோயமுத்தூரில் கணபதிக்குப் பின்பக்கம் ஒரு தெரு. ட்ரான்ஸ்பார்மரில் தொடங்கி மாகாளியம்மன் கோயிலில் முடிகிற தெரு. அதன் நடுவில் சென்னியப்பன் என்பவருடைய ஒர்க்‌ஷாப். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்குகிற மோட்டாருக்குள் தண்ணீர் ஏறாமல் தடுக்க இரண்டு வளையங்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே சுற்றுமாம், சீல் என்பார்களாம், அந்த வளையங்களைத்தான் அங்கே செய்தார்கள். பீங்கான் வளையம். டீக்கோப்பைப் பீங்கான் இல்லை, கீழே போட்டால் தரைதான் உடையும் என்று பிலோமினா சொன்னாள். வேலைக்கு இருந்த பன்னிரண்டு பெண்களில் பதினோரு பேர் அந்த வளையங்களை இரும்புப் பலகையில் வைத்து, பசை தடவி, நாள் முழுக்கத் தேய்ப்பார்கள். அவர்கள் தேய்த்த வளையத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். ராணி என்று ஒருத்தி தினமும் அப்படித்தான் வைத்துக்கொண்டாளாம். பிலோமினாவுக்கு மட்டும் தேய்க்கிற வேலை இல்லை. தேய்கிறதைப் பார்க்கிற வேலை. கண்ணாடி அறைக்குள் ஒரு மெஷின், அதில் அதே பீங்கானில் செய்த சோதனைத் தட்டு ஒன்று சுற்றும், தட்டின் மேல் மிளகளவு குண்டு ஒன்று பாரத்தோடு உட்கார்ந்து உரசும், காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலு வரை உரசும், உரசல் எவ்வளவு என்று பக்கத்துத் திரையில் ஒரு கோடு போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுவதற்கு முன்னால் தட்டைக் கண்ணாடிப் பெட்டித் தராசில் நிறுக்க வேண்டும், ஓட்டின பிறகும் நிறுக்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ அதுதான் தேய்மானம். பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை.

இது நடந்த வருஷம் சாதாரண வளையம் கேட்டு யாரும் வரவில்லை. பெரிய பம்புக் கம்பெனி ஒன்று, பீங்கானின் மேல் வைரப் பூச்சு போட்ட வளையம் செய்து தர முடியுமா என்று கேட்டது. மணல் கலந்த தண்ணீருக்கு அதுதான் தாங்குமாம். இந்த ஆர்டர் அமைந்தால் ஒர்க்‌ஷாப் ஓடும், அமையாவிட்டால் ஆடியோடு ஷட்டரை இறக்கிவிடுவேன் என்று சென்னியப்பன் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவரே டீ வாங்கிவரப் போனார். அவர் அப்படிப் போனதைப் பார்த்துத்தான் இது நிஜம் என்று எல்லோருக்கும் விளங்கியது.

பெண்கள் உயிரைக் கொடுத்துத் தேய்த்தார்கள். எப்போதும் தேய்ப்பதைவிட இரண்டு பங்கு தேய்த்து, கண்ணாடியைத் தோற்கடித்து, பெங்களூருக்குப் பூச்சுப் போட அனுப்பினார்கள். திரும்பி வந்ததைப் பார்த்தால் கரிச்சட்டி மாதிரி இருந்தது. வைரம் என்றால் மினுங்க வேண்டாமா என்று ராணிக்குக் கோபம். அதை மெஷினில் வைத்த அரை மணியில் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து பரிசோதிக்க வந்த ஜாபர் சார், சத்தமே வராமல் பேசுகிற மனிதர், உரிந்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வழவழன்னு தேய்ச்சா வைரம் எங்கம்மா காலூணும்? கொஞ்சம் கீறல் இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார். இருபது வருஷம் கீறலை ஒழித்த கைகள் அவை. யாரும் மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த தடவை கீறச் சொன்னார் என்பதற்காக அழுதுகொண்டே கீறினார்கள், அளவுக்கு மேல் கீறினார்கள். பூச்சு பிடித்தது, ஆனால் ஏழு மில்லிகிராம் தேய்ந்தது. கம்பெனி அனுமதித்தது இரண்டு. இனி ஒரே ஒரு தடவை, அதற்கு மேல் வேறு ஊர் பார்த்துக்கொள்வோம் என்று கடிதம் வந்தது.

மூன்றாவது தட்டை மெஷினில் பொருத்தின அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் பிலோமினா அதைச் செய்தாள்.

கோயிலில் அந்தோணியார் சுரூபம் நிற்கிற கெபியில் எரிகிற விளக்கின் எண்ணெயைச் சின்னக் குப்பியில் அவள் எப்போதும் பையில் வைத்திருப்பாள், நாங்கள் நிறையப் பேர் வைத்திருப்போம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசுவோம். அன்றைக்குக் கையுறையைக் கழற்றி, கட்டை விரலில் அந்த எண்ணெயைத் தொட்டு, தட்டின் மேல் சிலுவை போட்டாள். வெறும் கையால் தட்டைத் தொடக் கூடாது என்று பத்தொன்பது வருஷமாக மற்றவர்களை விரட்டினவள் அவள்தான். போட்டுவிட்டு வேண்டிக்கொண்டாள்: அந்தோணியாரே, இது தேயவே வேண்டாம், இந்த இடத்தில் இனி எதுவுமே தேய வேண்டாம்.

நாலு மணிக்கு நிறுத்தி நிறுத்துப் பார்த்தால், போன எடையே வந்த எடை. மூன்று தடவை நிறுத்தாள். ஒரு தூசி குறையவில்லை. சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் கோடு காலையில் எந்த உயரத்தில் தொடங்கியதோ அதே உயரத்தில் நாள் முழுக்கப் போயிருந்தது. அதை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

தட்டில் நம்பர் போட வேண்டும். அதற்கென்று வைர முனை வைத்த ஊசி ஒன்று உண்டு, எழுதுகோல் மாதிரி இருக்கும், எதன் மேலும் எழுதும். பிலோமினா எழுதினாள், ஊசி வழுக்கியது. முனை போய்விட்டது போல என்று இரும்புப் பலகையில் கீறிப் பார்த்தாள், அதிலும் கோடு விழவில்லை. சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் வீடு அதே தெருவில்தான், ஒர்க்‌ஷாப்புக்கு ஆறு வீடு தள்ளி.

எதிர் வீட்டு ராமாத்தாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிரைண்டரில் அரிசி போட்டு முக்கால் மணி நேரம் ஆகிறது, கல் சுற்றுகிறது, அரிசி அரிசியாகவே சுற்றுகிறது, வந்து பாரு கண்ணு என்று கூப்பிட்டாள். பிலோமினா போய்ப் பார்த்தாள். கல்லும் அரிசியும் ஒன்றின் மேல் ஒன்று பட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று எதுவும் கொடுக்காமல், கோயில் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

மறுநாள் பால்வாடி டீச்சர் கரும்பலகையில் 'அ' எழுதினாள், 'அ' விழவில்லை. பூசாரி சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்தார், ஒரு சொட்டுச் சந்தனம் வரவில்லை, தண்ணீர்தான் வழிந்தது. தீக்குச்சி பற்றவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. அடிப்பிடித்த பால் சட்டி, எவ்வளவு தேய்த்தாலும் அடிப்பிடித்த பால் சட்டியாகவே இருந்தது. தையல்காரரின் சாக்கட்டி துணியில் கோடு போடவில்லை. மூன்றாம் நாளுக்குள் தெருக்காரர்கள் இதன் சட்டதிட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெட்டினால் வெட்டுப்படும், இடித்தால் இடிபடும், தேய்த்தால் தேயாது. ட்ரான்ஸ்பார்மரைத் தாண்டினால் எல்லாம் பழையபடி. ஒரு அடி அந்தப் பக்கம் நின்று உரசினால் தீக்குச்சி பற்றும், இந்தப் பக்கம் வந்து உரசினால் பற்றாது. அந்த ஒரு அடியைப் பார்க்கவே பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள்.

பல் துலக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "வாய் கொப்புளிச்சுக்கிட்டோம்" என்றாள் பிலோமினா. அப்போது பாத்திரம்? "சாம்பல்ல ஊற வெச்சோம். வரலீன்னா அந்தத் தெருவுக்கு எடுத்துட்டுப் போனோம்."

அப்படித்தான் போனது. முதல் இரண்டு நாள்தான் ஆச்சரியம், அதற்குப் பிறகு சௌகரியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் ஊறின அரிசிப் பாத்திரத்தை, போவினி என்பார்கள் அங்கே, இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக ட்ரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போய், பக்கத்துத் தெருக்காரர்களின் கிரைண்டரில் முறை வைத்து ஆட்டிக்கொண்டு வந்தார்கள், ஆட்டித் தந்தவர்களுக்கு முதல் ஈடு இட்லி போனது, வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் இட்லியில் பேசிக்கொண்டன. பூசாரி தீக்குச்சியை அங்கே பற்ற வைத்து, காற்றுக்குக் கையால் அணைத்து, கற்பூரத்துக்கு நெருப்பை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் பிள்ளைகளை விரலால் மணலில் எழுத வைத்தாள். செருப்பு தேயாது என்று தெரிந்ததும் கடையில் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்குள்ளேயே நடந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற குமரேசன் டயர் தேயாது என்பதால் இனி இந்தத் தெருவுக்குள் மட்டும்தான் சவாரி என்று அறிவித்தான். ட்ரான்ஸ்பார்மரிலிருந்து கோயிலுக்கு நடந்தே மூன்று நிமிஷம்தான் ஆகும், ஆனாலும் அவன் மனம் நோகக் கூடாது என்று இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். பேப்பர்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். பென்சிலில் எழுதிப் பார்த்தார், எழுத்து விழவில்லை, ட்ரான்ஸ்பார்மர் வரைக்கும் போய் எழுதுவதற்குள் பாதி மறந்துவிட்டது, பேப்பரில் ஒன்றும் வரவில்லை.

இது யாரால் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மனுக்கு ஏதோ குறை என்றார்கள் சிலர், மின்சார வாரியத்தைச் சொன்னார்கள் சிலர். பிலோமினாவுக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தட்டைத் தொட்டது தெரிந்துவிடும், தொட்ட தட்டின் சோதனை செல்லாது, செல்லாவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் ஆடியோடு வேலை இல்லை. ஜெபமாலை உருட்டும்போது ஐம்பத்து மூன்று மணியும் விரலில் படும், ஒன்றுகூட ஒட்டாது என்று அவளுக்குத் தோன்றியதாம்.

எட்டாம் நாள் ஜாபர் சார் வந்தார். தேய்மானம் பூஜ்யம் என்று எழுதின தாளைப் படித்தார், தலையாட்டினார். பிறகு கோட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பூஜ்யம் நல்லதுதாம்மா. ஆனா கோடு இறங்கவே இல்லையே."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. ஜாபர் சார் உட்கார்ந்து சொன்னார். பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத முனைகள் ஆயிரம் ஆயிரமாக நிற்கும், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் உரசும்போது அந்த முனைகள் கொஞ்சம் மழுங்க வேண்டும், மழுங்கி உதிர்ந்த துகள் மெல்லிசாகப் படிந்து அதுவே எண்ணெய் மாதிரி வேலை செய்ய வேண்டும், அப்போதுதான் உரசல் குறையும், கோடு சரியும், அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தேயாது. முதலில் கொஞ்சமும் கொடுக்காத வளையம் கடைசி வரைக்கும் முரண்டு பிடித்துக்கொண்டே சுற்றும், சூடேறும், அறுநூறு அடி ஆழத்தில் முதல் மாசமே விரிசல் விட்டுவிடும். நாளைக்குக் காலையில் இதே தட்டைத் திரும்ப ஓட்டுங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன், மத்தியானத்துக்குள் கோடு சிவப்புக் குறிக்குக் கீழே வர வேண்டும், தேய்மானமும் இரண்டைத் தாண்டக் கூடாது, வராவிட்டால் நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பிலோமினா ராமாத்தாள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எண்ணெய், சிலுவை, வேண்டுதல் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கு மாற்றி வேண்டப் போகிறேன் அக்கா என்றும் சொன்னாள்.

ராமாத்தாள் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ஒரே மகள் சுகந்தி பதினாறு வயதில் மூளைக்காய்ச்சலில் போனவள். அவள் பெரியவளான சீருக்குத் தாய்மாமன் வாங்கித் தந்த டம்ளர், பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷம் ராமாத்தாள் அதில்தான் காப்பி குடித்தாள், தினம் தேய்த்துக் கழுவினாள். பேரில் இப்போது 'சு' மட்டும் இருந்தது, அதுவும் வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான்.

"இந்த எட்டு நாளா பயமில்லாமத் தேய்ச்சேன் பிலோமி" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே."

எதிரே பெண்கள் மாவுப் போவினியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ராணி, நெற்றியில் பொட்டில்லாமல், ஏழு மாச வயிற்றோடு, போவினியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ட்ரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிவிட்டு நடந்தாள். ராமாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பன்னெண்டு பேர்ல அவளும் ஒருத்திதானே" என்றாள்.

"ஆமாக்கா."

ராமாத்தாள் டம்ளரை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "போ. காலைல நேரத்தோட எந்திரிக்கணுமில்ல."

மறுநாள் ஏழு மணிக்கே பிலோமினா போய்ச் சென்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற மனிதர் அவர்.

"ஏம்மா பிலோமி, நானும்தான் பொட்டு வெக்கிறேன். மெஷினுக்கு வெப்பேன். தட்டுக்கா வெப்பேன்?"

"தப்புத்தானுங்ணா."

"இந்தத் தெருவு பூராம் உன்ற வேலைதானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "என் சம்சாரம் எட்டு நாளா இட்லிக்கு நாயா அலையறா" என்றார். "சரி போ. தொடச்சுட்டுப் புதுசா ஆரம்பி. ஜாபர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சொன்னாராம். எண்ணெய்க் கை பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார். துடைத்துவிட்டு ஓட்டுங்கள், அதற்குத்தானே நான் வந்திருக்கிறேன் என்று ஜாபர் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிலோமினா கையுறை போட்டு, மருந்து வாடை அடிக்கிற திரவத்தில் துணியை நனைத்து, தட்டை மூன்று முறை துடைத்தாள். நிறுத்தாள். பொருத்தினாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷினிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினாய் என்று நான் கேட்டபோது வெங்காயம் உரிப்பதை முதல் தடவையாக நிறுத்தினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தோணியாரே, நான் அன்னைக்குக் கேட்டது ரொம்ப ஜாஸ்தி. அளவு தெரியாமக் கேட்டுட்டேன். இன்னைக்கு ஒண்ணரை மில்லிகிராம் போகட்டும். ரெண்டைத் தாண்ட வேண்டாம். தெருவுல எது எவ்வளவு போகணுமோ அது நீங்க பாத்து வெச்சுக்கோங்க."

பொத்தானை அழுத்தினாள். தட்டு சுற்றியது. கோடு உயரத்திலேயே போனது. எட்டரை ஆனது, ஒன்பதரை ஆனது, பத்தே கால் ஆனது, பதினோரு பேர் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள், யாரும் கையில் வளையத்தை எடுக்கவில்லை, ஜாபர் சாருக்குக் கொண்டு வந்த டீ ஆறி ஏடு கட்டியது. பதினொன்று இருபதுக்குத் தட்டின் ஓரத்தில் பவுடர் பூசின மாதிரி ஒரு சாம்பல் வட்டம் தெரிந்தது. கோடு ஒரு நெல்லளவு தலையைக் குனிந்தது, பிறகு இன்னொரு நெல்லளவு, பிறகு மாடியிலிருந்து இறங்குகிறவர் மாதிரி படிப்படியாக, அவசரமில்லாமல், சிவப்புக் குறியைத் தாண்டிக் கீழே போய் அங்கேயே நின்றுகொண்டது. அதே நேரத்தில் பால்வாடியில் டீச்சர் பழக்கத்தில் இழுத்த கோட்டுக்கு வெள்ளை விழுந்தது, கோயிலில் கல்லின் மேல் சந்தனம் மஞ்சளாகக் குழைந்தது, யாரோ ஒரு வீட்டில் ஊறப்போட்டு மறந்திருந்த துணியில் சோப்பு நுரைத்தது, தீக்குச்சி பற்றியது, செருப்புகள் தரையில் சரக் சரக்கென்று சத்தம் போட ஆரம்பித்தன, ஒன்பது நாளாக அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. குமரேசன் மட்டும் வருத்தப்பட்டானாம்.

நாலு மணிக்கு நிறுத்தார்கள். ஒன்றும், பத்தில் நாலும். ஒன்றரை கேட்டாள், அதிலும் பத்தில் ஒன்றை அந்தோணியார் மிச்சம் பிடித்துக் கொடுத்திருந்தார். ஜாபர் சார் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறின டீயைக் குடித்தார்.

தட்டில் நம்பர் போட வேண்டுமே. பிலோமினா வைர ஊசியை எடுத்து எழுதினாள், எழுத்து கிர்ரென்று விழுந்தது. பிறகு சென்னியப்பனிடம் கேட்டுக்கொண்டு, ஊசியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ராமாத்தாள் வீட்டுக்குப் போனாள்.

ராமாத்தாள் டம்ளரைக் கழுவாமல் வைத்திருந்தாள். கைக்குட்டையை விரித்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. டம்ளரை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, எந்த எழுத்து எங்கே இருந்தது என்று விரலை வைத்துக் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்திருந்தது. கடைசி எழுத்தைக் கடைக்காரன் கீழே சாய்த்து வெட்டிவிட்டான், சுகந்தி அதற்காக இரண்டு நாள் சண்டை போட்டாள், அதையும் சாய்த்தே எழுது என்றாள். பிலோமினா புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதினாள். ஒவ்வொரு புள்ளிக்கும் உப்பளவு எவர்சில்வர் தூள் உதிர்ந்து ராமாத்தாளின் சேலையில் விழுந்தது, அவள் அதைத் தட்டிவிடவில்லை. எழுதி முடித்ததும் எழுந்து போய், டம்ளரைச் சோப்புப் போட்டு, நன்றாக, சத்தம் வரத் தேய்த்துக் கழுவி, காப்பி ஊற்றிக் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதிலேயே குடித்தார்கள்.

இவ்வளவுதான் பிலோமினா சொன்னது. வெங்காயம் தீர்ந்துவிட்டது, நாங்கள் எழுந்துவிட்டோம். ராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஒர்க்‌ஷாப் ஓடுகிறது. அதற்குப் பிறகு நான் குளிக்கும்போதெல்லாம் சோப்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேய்ந்து தேய்ந்து நகத்தளவு ஆன சோப்புத் துண்டு உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுச் சோப்பை நனைத்து, அதன் முதுகில் ஒட்டி வையுங்கள்.